திங்கட்கிழமைகள் சிவப்பான டைரி

என்னிடம் ஒரு தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 2, ஆடி 17, வெள்ளிக்கிழமை. முன்பக்கத்தில் ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்தில் நீல மசியில் இரண்டு வரிகள்: "கூட்டம் தலைமை தாங்கலாம், அதில் நமக்கும் ஒரு நாற்காலி இருந்தால். கையெழுத்துப் போட்டாயிற்று."

எழுதியவர் சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தோம். எந்த நேரத்தில் எழுதினார் என்ற குறிப்பு தாளில் இல்லை. ராகு காலம் கழிந்த பிறகுதான் எழுதியிருப்பார் என்பது என் ஊகம். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ராகு காலத்தை அச்சடித்து விற்கிறவன் அதை மதிக்காமல் இருப்பது சரக்குக்கு மரியாதை இல்லை என்பார்.

என் வேலை மெய்ப்புப் பார்ப்பது. காலண்டர் அச்சகத்தில் மெய்ப்பு என்றால் எழுத்துப் பிழையைவிடத் தேதிப் பிழைதான் முக்கியம். தேதிக்குக் கிழமை பொருந்துகிறதா, அமாவாசை சரியான நாளில் விழுகிறதா, முகூர்த்த நாள் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன். விருதுநகரில் வீடு. காலையில் பஸ். திருத்தங்கலில் பாதிப் பஸ் காலியாகும். பட்டாசு ஆலை வேன்கள் எங்களை முந்திக்கொண்டு போகும். சிவகாசி வரும்போது எனக்கு ஜன்னலோரம் கிடைத்திருக்கும். அடுத்த வருஷத்துத் தேதிகளிலேயே வாழ்ந்துகொண்டிருந்ததால் நடப்பு வருஷத்தில் இன்று என்ன தேதி என்று யாராவது திடீரென்று கேட்டால் ஒரு கணம் திணறுவேன். அண்ணாச்சி என்னைக் "காலண்டரு" என்றுதான் கூப்பிடுவார்.

நான்கு மணி டீயைத்தான் இன்று அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மெஷின் ஹாலுக்கும் பைண்டிங் பகுதிக்கும் நடுவில் ஒரு பழைய மேசை. அதன் மேல் அன்றைய செய்தித்தாள்கள். டீ வந்ததும் அண்ணாச்சி உலகச் செய்திப் பக்கத்தை விரிப்பார். சனிக்கிழமைகளில் என் மச்சானும் வந்துவிடுவார். மச்சான் என் மனைவியின் அண்ணன். விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு கமிஷன் கடை. அண்ணாச்சிக்கு அவர் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே சிநேகிதம். கடைக்குக் காலண்டர் அடிக்கிற சாக்கில் வருஷம் முழுவதும் வருவார். காலண்டர் ஒருமுறைதானே அடிக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் கோடையில் மேசைக்கு ஒரே விவாதம்தான். ஐரோப்பிய நாடுகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து உலக வியாபாரத்துக்கே விதி எழுதுகின்றன. அப்படி ஒரு வட்டாரத்துக் கூட்டம் உலகச் சந்தைக்குத் தலைமை தாங்கலாமா, கூடாதா?

இந்த விவாதத்தைக் கொண்டுவந்தவள் அண்ணாச்சியின் மகள். சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு அச்சகத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவள் அண்ணன் கோயம்புத்தூரில் வேறு தொழில் பார்க்கிறான். வந்த சில மாதங்களில் ஐரோப்பாவில் ஒரு வியாபாரியைப் பிடித்து, டைரி ஆர்டர் ஒன்று பேசி வைத்திருந்தாள். பெரிய ஆர்டர். அதை எடுத்தால் எங்களிடமிருந்த ஒரே நல்ல மெஷினை சீசன் முழுக்க அதற்கே ஒதுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வழக்கம்போல நகைக்கடை, ஸ்வீட் கடை, சீட்டுக் கம்பெனிக் காலண்டர்கள்.

அண்ணாச்சி அவளிடம் எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"இந்த ஆர்டர் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சுன்னா பிரஸ் ஒங் கையில. நான் டீ குடிக்க மட்டும் வாரேன். எங்கயாச்சும் சொதப்புச்சுன்னா நீ சென்னைக்கே கெளம்பிரணும். அரமனசா இங்கன உக்காரக் கூடாது."

"சரிப்பா," என்றாள். அவ்வளவுதான். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்று முதல் மேசையில் நடந்த எல்லா விவாதத்துக்கும் அடியில் இது இருந்தது. உலகச் சந்தைக்கு யார் தலைமை என்று பேசும்போதெல்லாம் இந்த அச்சகத்துக்கு யார் தலைமை என்பதும் எங்கள் எல்லோர் மனதிலும் ஓடியது.

ஐரோப்பாக்காரர் கேட்ட காகிதத்துக்குச் சான்று வேண்டும். காட்டை அழித்து எடுத்த மரத்தில் செய்ததில்லை என்று மில்காரன் எழுதித் தர வேண்டும். மரம் நின்ற இடம் எது என்றும் குறிக்க வேண்டும். அந்தச் சட்டம் அப்போது இன்னும் அமலுக்கு வரவில்லை. வரப்போகிறது என்பதற்காக அந்த வியாபாரி முன்கூட்டியே கேட்டார்.

"மரம் எங்கன நின்னுச்சுன்னு கேக்கான்யா," என்றார் அண்ணாச்சி. "எங்க தாத்தா எங்கன பொறந்தாருன்னே எனக்குத் தெரியாது."

மச்சான் டீயை ஊதினார். அவர் இந்தக் கூட்டமைப்பிடம் சூடு பட்டவர். சில வருஷங்களுக்கு முன்னால் அவர் மூலமாகப் போன வத்தல் லோடு ஒன்று, பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது என்று அங்கே துறைமுகத்திலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதனால் அவர் அவர்களைத் திட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஆனால் எப்போதும் அவர்கள் பக்கமே பேசினார்.

"கேக்கட்டுமே. விருதுநகர்ல ஒரு வத்தச் செடி உண்டா, அண்ணாச்சி? ஆனா வெல சொல்றது யாரு? நாங்க. பேப்பர்ல விருதுநகர் நெலவரம்னு வந்தா ராமநாதபுரத்துக்காரனும் கேட்டுக்கிடுதான், திருநெல்வேலிக்காரனும் கேட்டுக்கிடுதான். வாங்குற எடம் எங்கன இருக்கோ அங்கனதான் சட்டம்."

"வெல சொல்றது வேற, மரத்துக்குச் சாதகம் கேக்கது வேற."

"மகமை வச்சாகளே, அது?"

மகமை என்பது எங்கள் பக்கத்து வியாபாரிகள் முன்பு ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு என்று எடுத்துவைத்த ஏற்பாடு.

"ஊர்ப் பெரியவுக நாலு பேரு கூடி முடிவு பண்ணுனாக," என்றார் மச்சான். "வெளியூர்க்காரன் சரக்கு கொண்டாந்தாலும் மகமை புடிச்சாக. அவனக் கேட்டா புடிச்சாக?"

"கேக்கல," என்றார் அண்ணாச்சி. "ஆனா அதுல கட்டுன பள்ளிக்கூடத்துல அவன் புள்ளயும் வந்து படிச்சிச்சுல்ல? நீ ஐரோப்பாக்காரன் கட்டுன பள்ளிக்கூடத்தக் காமி. நான் இப்பயே கையெளுத்துப் போடுதேன்."

மச்சான் வடையை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

இன்னொரு நாள் அண்ணாச்சி, அவர்களைப் போல நாமும் அக்கம்பக்கத்து நாடுகளோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தால் என்ன என்றார். மச்சான் சிரித்துவிட்டார். "நீரு பின்பக்கத்து பிரஸ்காரரோட ஒரு சாக்கடக்கி எத்தன வருசமா கேஸ் நடத்துதீரு?" அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. "அது சாக்கட. இது சந்த," என்றார். ஆனால் அந்தப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

சிவகாசியில் காலண்டர் தொழிலுக்குப் புது வருஷம் ஆடிப் பெருக்கு அன்றுதான் பிறக்கிறது. ஆடி 18இல் பூஜை போட்டு அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். அதனால் அண்ணாச்சிக்கு ஆடி 17தான் கெடு. முழு ஆல்பம் போட்டால் டைரி இல்லை; டைரி என்றால் ஆல்பம் மெலியும். அன்று டைரி ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையில் என்னைக் கூப்பிட்டு இந்தத் தாளைக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கிடும், காலண்டரு. பின்னால எவனாச்சும் கேட்டா காமியும்." மறுநாள் வெளியான ஆல்பத்தில் தினசரிக் காலண்டர்கள் மட்டும் இருந்தன. சாமி படங்களே இல்லாத ஆல்பத்தைப் புரட்டிய திருநெல்வேலி ஏஜெண்ட், "மத்த தாளெல்லாம் ஒட்டிக்கிடுச்சா?" என்று கேட்டார்.

டைரிக்கு நான்தான் தேதி பார்த்தேன். அங்கே வாரம் திங்களில் தொடங்குகிறது. ஞாயிறு கடைசி வரிசை. வாரங்களுக்கு எண்ணும் உண்டு. எனக்கு அது புது இடத்துக்குக் குடிபோன மாதிரி இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கதவு எதிர்ப்பக்கம். மூன்று முறை பார்த்தேன். தேதிகளில் பிழை இல்லை. இன்றும் அந்தத் தேதிகளில் பிழை இல்லை.

பிழை நிறத்தில் வந்தது. எங்களுக்கு மெய்ப்பு கறுப்பில்தான் வரும். நிறம் அதற்குப் பிறகு. எங்கள் கம்ப்யூட்டரில் மாதக் கட்டத்துக்கு என்று ஒரு பழைய அமைப்பு உண்டு. முதல் வரிசை ஞாயிறு, அது சிவப்பு. டைரிக்காகக் கிழமைகளையும் தேதிகளையும் நகர்த்தினார்கள். சிவப்பை நகர்த்தவில்லை. கடைசி வரிசைக்குப் போயிருக்க வேண்டிய சிவப்பு முதல் வரிசையிலேயே நின்றுவிட்டது. பிளேட் எடுத்தவர் பார்த்தார், மெஷின் போர்மேன் பார்த்தார், பைண்டிங்கில் அத்தனை பேரும் பார்த்தார்கள். சிவகாசிக்காரர்கள் கண்ணுக்கு முதல் வரிசை சிவப்பாக இருந்தால் எல்லாம் சரி. அப்படித்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம்.

2024 செப்டம்பர் 21, புரட்டாசி 5, சனிக்கிழமை. மச்சான் திருத்தங்கல் பெருமாளைச் சேவித்துவிட்டு நெற்றியில் நாமத்தோடு வந்தார். மேசையில் பைண்டிங் முடிந்த டைரி ஒன்று கிடந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"ஏ மாப்ள, இதுல பொங்கலு என்னைக்கு வருது?"

"செவ்வாய்க்கிழமை, மச்சான். ஜனவரி பதினாலு."

விரலால் தேடினார். "பதினாலு கறுப்பா இருக்கு. பதிமூணு செவப்பா இருக்கு. அங்கன போகிக்கா லீவு?"

அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அண்ணாச்சியின் மகள் எழுந்து வந்து டைரியை வாங்கினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று புரட்டிக்கொண்டே போனாள். டிசம்பர் வரை போய்விட்டுத்தான் நிறுத்தினாள்.

"எல்லா திங்கக்கெளமயும் செவப்பு," என்றாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போய் நிறுத்தச் சொன்னது யார் என்று ஞாபகம் இல்லை. சத்தம் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சீசனில் அந்த ஹால் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாதக் கட்டங்கள் ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்திலும் வருவதால் பிழை டைரி முழுக்கப் பரவியிருந்தது. ஓரிரு தாளைப் பிரித்து மாற்ற வழியில்லை. அண்ணாச்சி டைரியைக் கவிழ்த்து வைத்தார்.

"மரம் எங்கன நின்னுச்சுன்னு கேட்டான்ல? செவப்பு எங்கன நிக்கணும்னு எளுதிக் குடுத்தானா? இல்லல்ல? அப்ப அனுப்பிருவோம்."

"அது சட்டத்துல எளுதுற விசயம் இல்லப்பா. அவுகளுக்கு ஞாயித்துக்கெளமதான லீவு."

"நம்ம ஊரு நகக்கடக்காரனா இருந்தா ஒரு ஸ்வீட் டப்பாவோட போய் வெவரம் சொல்லிட்டு வந்திருவேன்."

"அவரு ஸ்வீட் சாப்புட மாட்டாரு. நான் எளுதிட்டேன்," என்றாள். கையில் போன் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அனுப்பிவிட்டிருந்தாள்.

பதில் திங்கட்கிழமை வந்தது. மச்சான் இதைப் பலமுறை சொல்லிச் சிரித்தார்: "செவப்பு நாள்லயும் வேல பாக்கான் பாருங்க." புதிதாக அடித்துத் தாருங்கள், தூத்துக்குடியிலிருந்து அடுத்த மாதத்துக்குள் கப்பல் ஏற வேண்டும், காகிதத்தின் சான்று மட்டும் மாறக் கூடாது என்று எழுதியிருந்தார் அந்த வியாபாரி. எங்களிடம் சான்றுள்ள காகிதம் தீர்ந்துவிட்டது. மில்லில் கேட்டால் தீபாவளிக்கு அப்புறம் என்றார்கள்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சீசனில் ஒரு அச்சகத்தில் காகிதம் தீர்ந்தால் இன்னொரு அச்சகத்திலிருந்து வாங்கிக்கொள்வார்கள். கைமாத்து என்று பேர். பில் கிடையாது, சீட்டுக் கிடையாது. நம் காகிதம் வந்ததும் அதே ரகத்தைத் திருப்பி இறக்கிவிட வேண்டும். தொழிலில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறவர்கள்கூடக் கைமாத்து என்று வந்தால் மறுக்க மாட்டார்கள். ஒரு டெண்டருக்கு எதிரெதிரே நின்ற இரண்டு பேரில் ஜெயித்தவர் அந்த வேலையைத் தோற்றவரின் காகிதத்தில் அடித்து முடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திருத்தங்கலில் அண்ணாச்சிக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அவருக்கும் அச்சகம். இவரைவிடக் கொஞ்சம் இளையவர். இரண்டு பேருடைய அப்பாக்கள் காலத்திலிருந்து கைமாத்து. அதே மில்லின் அதே காகிதம், அதே சான்றோடு அவரிடம் இருந்தது. நோட்டுப் புத்தக ஆர்டர் ஒன்றுக்காக வாங்கி, அந்த ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது. அண்ணாச்சி போனில் சொல்லி முடிக்குமுன் அவர் லோடு ஏற்றச் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் மினி லாரி எங்கள் வாசலில் நின்றது.

அண்ணாச்சியின் மகள் வெளியே வந்தாள்.

"பில் எங்கண்ணே?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"பில்லா? கைமாத்துன்னு சொன்னாக."

"பில் இல்லாம எறக்க முடியாதுண்ணே. மில்லுலருந்து அவுகளுக்கு, அவுகள்ட்டருந்து நமக்குன்னு சங்கிலி மாதிரி காயிதம் இருக்கணும். ஒரு கண்ணி விட்டுப் போனாலும் சான்று செல்லாது."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைத் தேடினேன். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் லாரி திரும்பிவிட்டது.

"லோட எங்க?"

"அனுப்பிட்டேன்ப்பா. பில்லோட வரட்டும்."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அலுவலக அறைக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திருத்தங்கலிலிருந்து போன் வந்தது, மகள் எடுத்தாள். எதிர்முனையில் சிநேகிதர் பேசியது மேசைவரை கேட்டது. "ஒங்கப்பாவுக்கு நான் பில்லுப் போட்டுக் குடுத்திருக்கனாம்மா? ஒங்க தாத்தாவுக்கு எங்கப்பா போட்டாரா? என்ன, எம் மேல சந்தேகமா?" அவள் பொறுமையாக விளக்கினாள். எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான்கு மணி டீ வந்தது. அண்ணாச்சி செய்தித்தாளைத் தொடவில்லை. அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து தூத்துக்குடிக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். லாரி வராவிட்டால் அவள் சென்னைக்குப் போக வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

"காலண்டரு, வண்டிய எடும்," என்றார் அண்ணாச்சி.

அச்சகத்தின் பழைய ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். திருத்தங்கல் அச்சகத்தில் சிநேகிதர் வாசலிலேயே நின்றார். பக்கத்தில் இறக்கப்படாத லோடு.

"வாங்க அண்ணாச்சி. சாப்புட்டீகளா?"

"சாப்புட்டேன் தம்பி."

"லோடு திரும்பி வந்திருச்சு. நிச்சயத் தட்டு திரும்பி வந்த மாதிரி வாசல்ல நிக்குது. தெருவே பாக்குது."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

"பிள்ள வெவரந் தெரியாமப் பண்ணிருச்சு. நீக வந்துட்டீக. இப்பவே வண்டிய விடுதேன்."

"பில்லோட விடு," என்றார் அண்ணாச்சி.

சிநேகிதர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"எங்கப்பாருக்கும் ஒங்கப்பாருக்கும் நடுவுல பில்லு இருந்துச்சா அண்ணாச்சி?"

"இல்ல."

"நமக்கு நடுவுல?"

"இல்ல."

"இப்ப யாரு வந்து நடுவுல உக்காந்தா? அந்த ஐரோப்பாக்காரனா? ஊரெல்லாம் அவன வையிறது நீகதான. டீக்கு வந்தா அதத்தான கேக்கேன்."

அண்ணாச்சி லோடைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் மேல் போட்டிருந்த தார்ப்பாயின் நுனி அவிழ்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டினார்.

"அவன் இல்ல தம்பி. எனக்குப் பெறகு பிரஸ்ஸ நடத்தப் போறவ உக்காந்திருக்கா. அவ பில்லு கேக்கா. குடுத்திரு."

லாரி வருமா வராதா என்று தெரியாத நேரத்தில் அவர் அதைச் சொன்னார். ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் என்றுதான் அவர் முன்பு சொல்லியிருந்தார். அது சேர்வதற்கு முன்னாலேயே வாக்கைக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது இதை மகளிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "லாரியே சொல்லும்," என்றார்.

லாரி மறுநாள் காலையில் பில்லோடு வந்தது. பில்லின் அடியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தது: இனிக் கைமாத்து இல்லை. வியாபாரம்தான்.

டைரி மறுபடி அச்சாகி, ஞாயிறுகள் சிவப்பாகி, தீபாவளிக்கு முன்னால் கப்பலேறியது. அண்ணாச்சி அச்சகச் சாவியை மகளிடம் கொடுத்தார். விழா எதுவும் இல்லை. மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். அவள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் செய்தித்தாளில் ஒரு செய்தி வந்தது. காட்டுச் சட்டம் அமலுக்கு வருவதை ஐரோப்பாக்காரர்கள் ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். மச்சான் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, சட்டம் போட்டவனே தள்ளி வச்சிட்டான். நீரு திருத்தங்கல் சிநேகிதத்தத் தள்ளி வச்சிட்டீரு."

அவர் கேலியாகத்தான் சொன்னார். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா," என்றார். நான் பார்த்தவரையில் அந்த மேசையில் மச்சான் ஜெயித்த ஒரே விவாதம் அது. ஜெயித்தது அவருக்கே பிடிக்கவில்லை.

திருத்தங்கல்காரர் பகையாகிவிடவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறார்; வந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். ஆனால் அடுத்த சீசனில் எங்களுக்கு ஆர்ட் பேப்பர் தீர்ந்தபோது அங்கிருந்து லோடோடு பில் தானாகவே வந்தது. கேட்கவில்லை, அனுப்பினார். அண்ணாச்சியின் மகள் அதை ஃபைலில் கோத்து வைத்தாள். அவள் செய்வது சரி. இப்போது வேறு சில அச்சகக்காரர்களும் சான்றுக் காகிதத்தை அவள் மூலமாகச் சேர்ந்தே வாங்குகிறார்கள். எல்லோருக்கும் பில் உண்டு, ஒரே மாதிரி பில். இதையும் ஒரு கூட்டமைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அதில் எல்லோருக்கும் நாற்காலி இருக்கிறது. சீசனில் பில் இல்லாமல் வந்து நிற்கும் லாரிதான் இல்லை.

2025இல் வேறொரு பெரிய நாடு நம் சரக்கு மேல் திடீரென்று வரியை ஏற்றியபோது மச்சான் திரும்பவும் தன் கட்சியை எடுத்தார். "தனியா ஒருத்தன் தலைமைன்னா இதான் கதி. கூட்டமா இருந்தா ஒருத்தன ஒருத்தன் புடிச்சு இளுப்பான்." எனக்கும் இப்போது அதுதான் தோன்றுகிறது. ஒருவருடைய கோபத்தைவிடப் பலர் கூடி எழுதிய விதி மேல். ஆனால் அந்த விதியை எழுதும் மேசையில், பில் இல்லாமலே காகிதம் திரும்பி வந்த ஊர்க்காரன் ஒருவனாவது உட்கார்ந்திருக்க வேண்டும். "நமக்கும் ஒரு நாற்காலி" என்று அண்ணாச்சி ஆடி 17இல் எழுதியதையும் நான் விட்டுவிடவில்லை.

மச்சான் சொன்னதற்கு மறுப்புச் சொல்ல அன்று அண்ணாச்சி மேசையில் இல்லை. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார். இப்போது அதிகமும் அங்கேதான். எனக்கும் மெய்ப்பு போனிலேயே வந்துவிடுகிறது. விருதுநகரில் வீட்டிலிருந்தே பார்த்து அனுப்புகிறேன். நான்கு மணிக்கு என் மனைவி டீ கொடுக்கிறாள். நல்ல டீ. எதிரில் யாரும் உலகச் செய்திப் பக்கத்தை விரிப்பதில்லை.

திங்கட்கிழமைகள் சிவப்பான டைரிகள் கழிவுக் காகிதமாகப் போயின. எங்கள் பக்கத்தில் கழிவுக் காகிதத்தில் பெரும்பகுதி பட்டாசுக் குழல் சுற்றத்தான் போகும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. "அந்த டைரியில அந்த ஒத்தத் திங்கக்கெளமைக்கி மட்டும் செவப்பு சரியாப் போச்சு," என்றார் மச்சான். மறுநாள் காலையில் வீட்டு வாசலைப் பெருக்கும்போது வெடித்த காகிதக் குப்பையில் ஒரு துணுக்குக் கிடைத்தது. ஓரம் கருகிய காகிதம். சிவப்பில் 13. அதை அடுத்துக் கறுப்பில் 14. மேலே மாதத்தின் பெயரோ கிழமையின் பெயரோ இருந்திருக்க வேண்டிய இடம் எரிந்துவிட்டது.

அது எங்கள் டைரியின் ஜனவரியாக இருக்கலாம். மச்சான் விரல் வைத்துக் கேட்ட அதே கட்டம். அக்டோபராகவும் இருக்கலாம். அந்த இரண்டு மாதங்களில்தான் 2025இல் 13ஆம் தேதி திங்கள். ஆனால் அதே ஆண்டில் ஜூலை 13 ஞாயிறு. எந்த அச்சகத்தின் எந்தக் காலண்டரிலும் அது சிவப்பாக, 14 கறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆண்டே வேறாகவும் இருக்கலாம். துணுக்கை ஆடி 17 தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அது எங்கள் டைரியின் தாள்தானா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.